வெள்ளெழுத்து வந்தவனுக்கு எந்த ஸ்கோப்?

மாங்காய்_மண்டி

வணக்கம். வயது 47. காவேரிப்பட்டினம் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. போன வருடம் .177 ஸ்ப்ரிங் ஏர் ரைபிள் ஒன்று வாங்கினேன். பம்ப்செட் அறைச் சுவரை ஒட்டி மணல் மூட்டை அடுக்கி, முன்னால் அட்டை வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் சுடுவேன். அட்டையைத் தவிர வேறு எதையும் சுடுவதில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள்.

பிரச்சினை துப்பாக்கியில் இல்லை, என் கண்ணில். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் முன் சைட் (குழல் முனையில் இருக்கிற குறிமுள்) பளிச்சென்று தெரிகிறது, அட்டை காணாமல் போகிறது. கழற்றினால் அட்டை தெரிகிறது, சைட் இரண்டும் கரைந்து போகின்றன. ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் பூட்டுகிற சிறு தொலைநோக்கி, போட்டால் சரியாகும் என்கிறார்கள். பெங்களூரில் ஒரு கடையில் கேட்டேன். 6-24×50 என்று ஒன்றை எடுத்து நீட்டி, "எறும்பின் மீசை தெரியும் சார்" என்றார். எனக்கு எறும்பின் மீசை வேண்டாம். 10 மீட்டர், மிஞ்சிப்போனால் 25 மீட்டர் சுடுவேன். எட்டாயிரம் ரூபாய்க்குள் பார்க்கிறேன். இந்த எண்கள் எல்லாம் என்ன, எதை வாங்கலாம் என்று யாராவது விளக்குங்கள்.

ஓசூர்_ஷிஃப்ட்

அண்ணா, கடைக்காரர் சொன்னது தப்பில்லை. 6-24×50 வாங்கிவிடுங்கள். வேண்டாத நேரத்தில் 6-இல் வைத்துக்கொள்ளலாம், வேண்டும்போது 24 இருக்கிறது. 3-9 வாங்கினால் ஆறு மாதத்தில் மறுபடி கடைக்குப் போவீர்கள். நானும் அப்படித்தான் இரண்டாவது வாங்கினேன்.

எக்ஸ்_ஹவில்தார்_பென்னாகரம்

ஓசூர் தம்பி பிசிபி (முன்பே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடுகிற ரைபிள்) வைத்திருக்கிறார், அதனால் அப்படிச் சொல்கிறார். ஸ்ப்ரிங் துப்பாக்கியின் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்கள்.

3-9×40 என்றால் உருப்பெருக்கம் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை திருகலாம், முன் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர். 4×32 என்று ஒரே எண் இருந்தால் திருக ஒன்றும் இல்லை, நான்கு மடங்கோடு நிற்கும்.

இந்த இரண்டு எண்ணையும் வகுத்துப் பாருங்கள். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4. ஸ்கோப்பின் பின்பக்கம் வெளியே வருகிற வெளிச்ச வட்டத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 4 மடங்கில் வைத்தால் 10 மில்லிமீட்டர். கடைக்காரர் காட்டியதை 24-இல் வைத்தால் 50-ஐ 24-ஆல் வகுத்து வெறும் 2.1. நல்ல வெயிலில் நம் கண்பாவை 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும், அதனால் தெரியாது. மாந்தோப்பு நிழலில், காலை ஆறரை மணிக்குக் கண்பாவை விரிந்திருக்கும். அப்போது 2.1 மில்லிமீட்டர் வட்டம் என்பது சாவித் துவாரத்தில் எட்டிப் பார்க்கிற மாதிரி. படம் இருட்டாக இருக்கும், தலை ஒரு நூல் நகர்ந்தால் படமே மறையும். பெரிய மடங்கில் உங்கள் மூச்சும் நாடித்துடிப்பும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். ஸ்கோப்புக்குள் குறிவைக்கத் தெரிகிற குறுக்குக்கோடு கூத்தாடும். பார்த்துப் பார்த்துப் பயந்து விசையைச் சுண்டுவீர்கள்.

25 மீட்டருக்கு 6 அல்லது 8 மடங்கு தாராளம்.

ஓசூர்_ஷிஃப்ட்

எக்ஸ் சார், ஒரு விஷயத்தை மட்டும் மறுக்கிறேன். வெளியே பல தூரங்களில் இலக்கு வைத்துச் சுடுகிற ஃபீல்ட் டார்கெட் ஆட்டத்தில் எல்லாரும் பெரிய மடங்குதானே வைக்கிறார்கள்? அவர்களும் ஏர் ரைபிள்தான், தூரமும் 50 மீட்டருக்குள்தான்.

எக்ஸ்_ஹவில்தார்_பென்னாகரம்

வைக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்கு என்று கேளுங்கள். அந்த ஆட்டத்தில் இலக்கின் தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய மடங்கில் ஃபோகஸ் ஆழம் குறைவு. பக்கச் சக்கரத்தைத் திருகிப் படம் தெளிவாகிற இடத்தில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் தூரம். அங்கே ஸ்கோப் குறிபார்க்கும் கருவி மட்டும் இல்லை, அளவுநாடாவும் அதுவே. நம் மண்டி அண்ணன் அட்டையைத் தானே நட்டு வைக்கிறார், தூரம் அவருக்குத் தெரியாதா?

ஓசூர்_ஷிஃப்ட்

சரி, அதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

அரூர்_புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாராலாக்ஸ், ஏஓ என்று போட்டிருக்கிறதே, அது என்ன? அது இருந்தால் விலை கூடுதலாக இருக்கிறது. அவசியமா?

ராயக்கோட்டை_அக்கா

இந்த இழையில் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டியது இதுதான் தம்பி. மடங்கை விடுங்கள்.

மண்டியில் முள் தராசு பார்த்திருப்பீர்கள். நேராக நின்று பார்த்தால் முள் 20-இல் நிற்கும். பக்கவாட்டில் நிற்கிற வியாபாரிக்கு 19½ என்று தெரியும். முள்ளும் எண் தட்டும் ஒரே தளத்தில் இல்லாததால் வருகிற வினை அது. ஸ்கோப்பிலும் அதே கதைதான். இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழுந்தால் நீங்கள் எங்கிருந்து பார்த்தாலும் குறி மாறாது. விழாவிட்டால், கண் நகர நகரக் குறியும் நகரும்.

பெரிய துப்பாக்கிகளுக்குச் செய்கிற சாதாரண ஸ்கோப்புகளில் இந்தப் பொருத்தத்தை 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதை எடுத்து 10 மீட்டரில் சுட்டால் என்ன ஆகும்? கணக்கு எளிது. முன் கண்ணாடி விட்டத்தில் பாதி 20 மில்லிமீட்டர். பூட்டிய தூரத்துக்கும் சுடுகிற தூரத்துக்கும் வித்தியாசம் 81 மீட்டர். 20-ஐ 81-ஆல் பெருக்கி 91-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். கண் ஓரத்துக்குப் போனால் அதிகபட்சம் அவ்வளவு தவறும். 10 மீட்டர் போட்டி அட்டையின் மொத்த வட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். பத்துப் புள்ளியில் விழ வேண்டிய பெல்லட் (ஈயக் குண்டு) மூன்று புள்ளியில் போய் உட்காரும். நீங்கள் துப்பாக்கியைத் திட்டுவீர்கள், பெல்லட்டை மாற்றுவீர்கள், கன்னம் வைக்கிற இடம் ஒவ்வொரு முறையும் மாறுவதுதான் காரணம் என்று கடைசிவரை தெரியாது.

ஏஓ என்றால் முன் கண்ணாடி வளையத்தைத் திருகி அந்தத் தூரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் குமிழ் இருந்தால் சைட் ஃபோகஸ். வேலை ஒன்றுதான், விலைதான் கூடுதல். முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வளையத்தில் மிகக் குறைந்த எண் எது என்பதை. சிலதில் 10 கஜத்திலிருந்து இருக்கும், சிலதில் 25, 50-இல்தான் தொடங்கும். ஏர் ரைபிளுக்கு 10 கஜம் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பெல்லட் போடாமல் துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஸ்கோப் வழியாக அட்டையைப் பாருங்கள். தலையை மட்டும் லேசாக மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆமாம் சொல்கிற மாதிரி. குறுக்குக்கோடு அட்டைமேல் ஊர்ந்தால் பாராலாக்ஸ் இருக்கிறது.

அரூர்_புதுசு

அக்கா, இப்போதே போய்த் தலையை ஆட்டிப் பார்த்தேன். ஊர்கிறது. நன்றாகவே ஊர்கிறது. ஆறு மாதமாக அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

மாங்காய்_மண்டி

அக்கா சொன்னதில் தராசு விஷயம் உண்மை. பக்கத்தில் நின்று பார்த்தே ஒரு மூட்டைக்கு அரைக் கிலோ தள்ளுபவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். எக்ஸ் சார், ஸ்ப்ரிங் துப்பாக்கி கதை வேறு என்றீர்களே?

எக்ஸ்_ஹவில்தார்_பென்னாகரம்

சொல்கிறேன். தோட்டா சுடுகிற துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்ப்ரிங் ஏர் ரைபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் சிலிண்டரின் கோடியில் அழுந்திய காற்றில் மோதி நிற்கிறது, துப்பாக்கி சட்டென்று முன்னே வெட்டி இழுக்கிறது. டவுன் பஸ் கிளம்பின உடனே பிரேக் போட்ட மாதிரி. பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த விலையுயர்ந்த ஸ்கோப்பின் உள்பாகங்கள் பின்பக்க உதையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. அந்த முன்பக்க வெட்டு அவற்றுக்குப் பழக்கம் இல்லாதது.

என் முதல் ஸ்கோப் இரண்டு மாதம் உழைத்தது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், கூட்டல் குறியாக இருந்த குறுக்குக்கோடு பெருக்கல் குறி மாதிரி சாய்ந்து கிடக்கிறது. உலுக்கினால் உள்ளே ஏதோ கடகடவென்று ஆடுகிறது. விற்றவரிடம் கொண்டுபோனேன். "நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள்" என்றார். அவ்வளவுதான், அந்தப் பணம் போன பணம்தான்.

ஆகவே பெட்டியிலோ கம்பெனித் தளத்திலோ ஸ்ப்ரிங் ஏர் ரைபிளுக்குத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மடங்கும் கண்ணாடியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். எடையும் குறைவாக இருக்கட்டும். கனமான ஸ்கோப் முன்னும் பின்னும் மோதும்போது, அதைத் துப்பாக்கியில் பிடித்திருக்கிற மவுண்டைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அப்புறம் மவுண்ட். எல்லாரும் ஸ்கோப்புக்கு ஏழாயிரம் கொடுத்துவிட்டு மவுண்டுக்கு இருநூறு ரூபாய் பேரம் பேசுகிறார்கள். உங்கள் துப்பாக்கியின் மேலே இருப்பது ஏர் ரைபிள்களில் வழக்கமாக வருகிற 11 மில்லிமீட்டர் டவ்டெயிலா (சாய்வாக வெட்டிய பள்ளம்), குறுக்கு வெட்டுகள் உள்ள அகலமான பிக்காடினி ரெயிலா என்று முதலில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் பிடி வேறு. ஸ்கோப் குழாய் ஒரு இன்ச் என்றால் 25.4 மில்லிமீட்டர் வளையம், 30 என்றால் 30. டவ்டெயிலாக இருந்தால் மவுண்டின் அடியில் நழுவாமல் தடுக்கிற ஸ்டாப் பின் இருக்கிறதா என்று பாருங்கள், துப்பாக்கியின் மேல் அதற்கான குழி இருக்கும். அந்த ஸ்டாப் பின் குழியில் உட்காராவிட்டால் மவுண்ட் சுடச் சுடப் பின்னால் நழுவும்.

பாலக்கோடு_தக்காளி

எங்கள் கொல்லையில் மயில் தொல்லை தாங்கவில்லை. நாற்று எல்லாம் போகிறது. ஸ்கோப் போட்டால் தூரத்திலிருந்தே அடித்துவிடலாமா? எவ்வளவு மடங்கு வேண்டும்?

ராயக்கோட்டை_அக்கா

எத்தனை மடங்கும் வேண்டாம். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது .177 அளவும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் இருந்தால்தான், அதுவும் வைத்துக்கொள்ள மட்டும். அதைக் கொண்டு என்ன சுட்டாலும் கேட்கமாட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எக்ஸ்_ஹவில்தார்_பென்னாகரம்

இன்னொன்று. கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்துக் காடுகளையும் சேர்த்து 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிரச்சினை எவ்வளவு நாளாக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். காட்டோரம் ஸ்கோப் பூட்டிய துப்பாக்கியோடு நடந்தால் அது ஏர் ரைபிள் என்று தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. பையில் போட்டுக் கொண்டுபோங்கள், தோப்புக்குள் மட்டும் திறங்கள். மயில் விஷயத்தை இத்தோடு விடுவோம்.

பாலக்கோடு_தக்காளி

சரிங்க சார். கோபத்தில் கேட்டேன். வலைதான் கட்ட வேண்டும்.

அரூர்_புதுசு

அக்கா, என் தங்கை பள்ளி மூலமாக 10 மீட்டர் போட்டிக்குப் போகலாம் என்கிறாள். அவளுக்கும் ஏஓ ஸ்கோப் வாங்கலாமா?

ராயக்கோட்டை_அக்கா

வேண்டாம்! 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. பீப் சைட் மட்டும்தான். பின்னால் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் ஒரு வளையம், நடுவில் அட்டையின் கறுப்பு வட்டம், அவ்வளவுதான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர், பால்பாயின்ட் பேனா வைத்த புள்ளி அளவு. கண்ணாடி உருப்பெருக்கம் எதுவும் இல்லாமல் அதை அடிக்கிறார்கள். தொடக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு நம் நாட்டில் ஓப்பன் சைட் பிரிவும் உண்டு. அதில் தொடங்கட்டும். ஸ்கோப்பில் பழகிவிட்டுப் பீப்புக்கு வருகிற பிள்ளைகள் முதல் மாதம் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாங்காய்_மண்டி

மீண்டும் நான். பத்து நாளாக லோடு, அதனால் வரமுடியவில்லை. 3-9×40 ஏஓ, வளையத்தில் 10 கஜம் இருப்பது, ஸ்ப்ரிங்குக்குத் தாங்கும் என்று எழுதியிருப்பது, ஒன்றை எடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு ஃபுல்லி மல்டி கோட்டட் என்று போட்டிருக்கிறது. உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்றும் போட்டிருக்கிறது. இதெல்லாம் விற்பனைப் பேச்சா, உண்மையா?

ஓசூர்_ஷிஃப்ட்

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா, வெறும் 24-க்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவிகித வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் பல லென்ஸ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம். கூட்டிப் பார்த்தால் பூச்சு எவ்வளவு அவசியம் என்று தெரியும். எல்லா முகத்திலும் பல அடுக்குப் பூச்சு போட்டிருந்தால்தான் அந்தப் பெயர். நைட்ரஜனும் உண்மைதான். உள்ளே ஈரக்காற்று இருந்தால் பனியில் லென்ஸின் உட்பக்கம் ஆவி படியும், துடைக்கவும் முடியாது. தளியில் டிசம்பர் காலையில் என் பழைய ஸ்கோப் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

எக்ஸ்_ஹவில்தார்_பென்னாகரம்

நல்ல தேர்வு. பூட்டும்போது அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் வெள்ளெழுத்துக்கு மருந்து. கண் வைக்கிற பக்கத்துக் கடைசி வளையம் இருக்கிறதே, அது உங்கள் கண்ணுக்கானது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்து (சூரியன் பக்கமே திரும்பக்கூடாது) குறுக்குக்கோடு கறுப்பாகத் தெளியும்வரை அதைத் திருகுங்கள். உற்று உற்றுப் பார்க்காதீர்கள், கண் தானாக ஈடுகட்டி ஏமாற்றும். இரண்டு விநாடி பார், திரும்பு, திருகு, மறுபடி பார். படிக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டே செய்யலாம். சிலிண்டர் பவர் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்த வளையம் உதவாது, அவர்கள் கண்ணாடியோடுதான் சுட வேண்டும்.

பிறகு குறுக்குக்கோட்டை நேராக்குங்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இருக்கும், வாங்கி 20 மீட்டரில் தொங்கவிடுங்கள். துப்பாக்கி சாயாமல் இருக்கும்போது செங்குத்துக் கோடும் நூலும் ஒன்றாகப் போக வேண்டும். வளையத் திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் போதும், நீளப் பக்கத்தைப் பிடித்தால் குழாய் நசுங்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்று, மூன்றரை இன்ச் இடைவெளி. படம் முழுதாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

மாங்காய்_மண்டி

எல்லாம் செய்தேன். இன்று காலை 10 மீட்டரில் சுட்டேன். ஒன்றரை சென்டிமீட்டர் கீழே விழுகிறது. குறியை மேலே கீழே நகர்த்துகிற குமிழுக்கு, பெட்டியில் ஒரு க்ளிக் கால் இன்ச் என்று போட்டிருக்கிறது. இரண்டு க்ளிக் மேலே திருகினேன், ஒன்றும் அசையவில்லை. ஸ்கோப் கோளாறா?

ராயக்கோட்டை_அக்கா

கோளாறு இல்லை சார். அந்தக் கால் இன்ச், 100 கஜத்தில். ஒரு க்ளிக் என்பது கால் எம்ஓஏ, அது ஒரு கோணம். தூரம் குறைந்தால் அதுவும் குறையும். 10 மீட்டரில் ஒரு க்ளிக் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 15 மில்லிமீட்டருக்கு 20, 21 க்ளிக் திருக வேண்டும். 25 மீட்டரில் ஒரு க்ளிக் சுமார் 1.8 மில்லிமீட்டர், அங்கே அதே 15 மில்லிமீட்டருக்கு எட்டு க்ளிக் போதும். ஒரு பெல்லட்டை நம்பித் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை எடுத்துக்கொண்டு திருகுங்கள்.

இன்னொன்றுக்கும் இப்போதே தயாராக இருங்கள். ஸ்கோப் குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. 25 மீட்டருக்கு ஜீரோ வைத்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி வைத்தால், 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் மேலாகக் கீழேதான் விழும். பெல்லட் கீழிருந்து ஏறி வந்து பார்வைக்கோட்டைத் தொடுகிறது. எந்தத் தூரத்தில் அதிகம் சுடுகிறீர்களோ அதற்கு ஜீரோ வைத்துவிட்டு, மற்றதற்கு எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்று அட்டையில் சுட்டுப் பார்த்து, சிட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

மாங்காய்_மண்டி

21 க்ளிக். சரியாக நடுவில் வந்தது. ஆனால் 40 பெல்லட் கழித்து மறுபடி மேலே ஏறுகிறது, வலது பக்கமும் போகிறது. ஐந்து சுட்டால் ஐந்தும் ஒவ்வொரு ஊரில்.

எக்ஸ்_ஹவில்தார்_பென்னாகரம்

ஸ்கோப்பைத் தொடாதீர்கள். மவுண்டைப் பாருங்கள். டவ்டெயிலில் புதுக் கீறல் தெரிகிறதா?

மாங்காய்_மண்டி

தெரிகிறது சார். பின்பக்க மவுண்டுக்கு முன்னால் மூன்று மில்லிமீட்டர் பளபளவென்று கீறல். ஸ்டாப் பின்னைக் குழியில் இறக்கவே இல்லை. மேலேயே நிற்கிறது. நான் அதைக் கூடுதல் திருகு என்று நினைத்துக்கொண்டேன்.

ஓசூர்_ஷிஃப்ட்

அண்ணா, நல்லவேளை கடைக்குத் திருப்பி அனுப்பவில்லை. நான் ஒருமுறை அனுப்பினேன்.

மாங்காய்_மண்டி

கழற்றி, டவ்டெயிலில் இருந்த எண்ணெயைத் துடைத்து, பின்னைக் குழியில் இறக்கி, மறுபடி பூட்டினேன். மவுண்டும் ரெயிலும் சேருகிற இடத்தில் மகளின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா கிடக்கவிட்டுச் சுட்டேன். ஸ்ப்ரிங் துப்பாக்கியை அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று வேறொரு இழையில் படித்தேன்.

20 மீட்டர், 8 மடங்கு. ஐந்து பெல்லட்டையும் பத்து ரூபாய் நாணயம் மூடுகிறது. நாணயத்தை வைத்து அட்டையைப் படம் எடுத்திருக்கிறேன், இரவு ஏற்றுகிறேன்.

அரூர்_புதுசு

அண்ணா, என்ன பெல்லட்? எத்தனை கிரெயின் எடை?

மாங்காய்_மண்டி

டப்பா தோப்பில் கிடக்கிறது தம்பி. பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.